தாத்தாவின் நம்பர்

எங்கள் வீட்டில் அந்த இரண்டு நட்சத்திரங்களும் தப்பிப் பிழைத்ததற்கு ஒரே காரணம், அவை தங்கம் இல்லை என்பதுதான்.

1966-ல் அப்பாவுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. வீட்டில் தாலியைத் தவிர மற்றதெல்லாம் ஏற்கெனவே சேட்டு கடைக்குப் போயிருந்தன. ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, தாத்தாவின் பட்டாளத்து மெடல்களை முந்தானையில் முடிந்துகொண்டு வேலூர் பஜாருக்கு நடந்தார். பத்தர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். "பித்தளைம்மா, எடுத்துனு போ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வட்டமாக இருந்த மூன்றாவது மெடல் வெள்ளி மாதிரி மினுங்கியது. அதுவும் வெள்ளி இல்லையாம். ஆயா திரும்பி வந்தபோது தாத்தா திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். எங்கே போனாய், என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதை எனக்குச் சொன்னது அத்தை. தாத்தாவின் மூத்த பிள்ளை, இப்போது வயது 86. தாத்தா கப்பலேறியபோது அத்தை ஆயாவின் வயிற்றில். அவர் திரும்பி வந்தபோது அத்தைக்கு ஏழு வயது. "யாரோ வந்து திண்ணையில குந்தினு இருக்கிறாரும்மான்னு ஆயாகிட்ட போய் சொன்னேன்" என்பார். தன் அப்பாவை முதன்முதலில் பார்த்த கதையை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது.

தாத்தாவின் யுத்தத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் மூன்று செய்திகள் உலவின. பர்மா சண்டைக்குப் போனார். மெஷின் கன் சுட்டார். கேரளத்து மலையில் ஒன்றரை மாதம் மாட்டிக்கொண்டார். மூன்றாவது செய்தி சின்ன வயதிலேயே எனக்கு உதைத்தது. கேரளத்தில் யார் யாரோடு சண்டை போட்டார்கள்? கேட்டால், "பட்டாளத்துல என்னென்னமோ நடக்கும்" என்று அப்பா முடித்துவிடுவார். தாத்தா 1979-ல் போய்விட்டார். அப்போது எனக்கு ஆறு வயது. காதில் பென்சில் செருகியிருந்த ஒரு ஆள் என்பதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

அந்த மூன்று செய்திகளுமே தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடம் ஆனது.

இதை ஒரு தனி வீட்டுக் கதையாக எழுதவில்லை. 1939-ல் சுமார் 2 லட்சம் பேராக இருந்த பிரிட்டிஷ் இந்திய ராணுவம் 1945-ல் ஏறக்குறைய 25 லட்சமாக வீங்கியது. கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. எல்லோரும் தாங்களாகப் போய்க் கைநாட்டு வைத்தவர்கள். வயிறு அனுப்பிவைத்தது என்றும் சொல்லலாம். திரும்பாதவர்கள் சுமார் 87,000 பேர். எங்கள் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்றொரு ஊர் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் என்பதால் அதற்கு மிலிட்டரிப்பேட்டை என்றே பெயர். பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், ராமநாதபுரம் மாவட்டங்களில் உங்களுக்கு வேர் இருந்தால், பரணில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இதே மாதிரி கறுத்துப்போன நட்சத்திரம் ஒன்று கிடக்க நிறைய வாய்ப்பு உண்டு.

புளி போட்டுத் தேய்த்தபோது

மெடலைத் தேய்த்து மெருகேற்றக் கூடாது, பழமை போய்விடும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். அது எனக்குத் தெரியவரும் முன்பே அத்தை புளியைக் கரைத்து, குத்துவிளக்கு தேய்ப்பதுபோலத் தேய்த்து முடித்திருந்தார். அந்தக் குற்றத்தால் ஒரு நன்மை. நட்சத்திரத்தின் நடுவே மன்னர் ஆறாம் ஜார்ஜின் முத்திரை, அதைச் சுற்றி வட்டமாக ஆங்கில எழுத்துகள் எழுந்து வந்தன. ஒன்றில் ஆப்பிரிக்கா ஸ்டார். இன்னொன்றில் இத்தாலி ஸ்டார்.

பர்மா எங்கேயும் இல்லை.

எழுபது வருடம் எங்கள் வீட்டில் கிடந்த பொருளின் மேலேயே விடை பொறித்திருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. பட்டாளம் என்றால் பர்மா என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்ததால் நாங்களும் சொன்னோம்.

மெடல் ஒரு ஆவணம் மாதிரி. ஆப்பிரிக்கா ஸ்டார் 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை வடக்கு, கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனைகளில் இருந்தவர்களுக்கு உரியது. இத்தாலி ஸ்டார் 1943 ஜூன் 11 முதல் ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்த 1945 மே 8 வரை. பர்மா ஸ்டாருக்குத் தொடக்கம் 1941 டிசம்பர் 11. ஒவ்வொன்றுக்கும் ரிப்பன் வேறு. ஆப்பிரிக்கா ஸ்டாரின் ரிப்பன் பாலைவன மணல் நிறம். நடுவில் சிவப்புப் பட்டை, இரு பக்கமும் ஒடுக்கமாகக் கருநீலம், வெளிர்நீலம். எங்களிடம் ரிப்பன் இல்லையே என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது அத்தை கூச்சத்தோடு சொன்னார்: "அது என் சடையில போச்சுடா. சந்தனக் கலரு, நடுவுல சேப்பு. ஒரு பொங்கலுக்குக் கட்டினு போனேன்."

வட்ட மெடலுக்கு அத்தை வைத்திருந்த பெயர் சிங்கக் காசு. ஒரு சிங்கம் இரட்டைத் தலை டிராகனை மிதித்துக்கொண்டு நிற்கும். அது போர் மெடல் 1939–45. போரில் முழுநேரம் பணியாற்றிய எல்லோருக்கும் கொடுத்தார்கள். தாமிரமும் நிக்கலும் கலந்த உலோகம். பத்தர் சொன்னது சரி.

எண் எங்கே?

மெடல் ஊரைச் சொன்னது. ஆளைச் சொல்லவில்லை. தாத்தா எந்தப் படைப்பிரிவு, எந்தக் கம்பெனி என்பது தெரியாமல் ஒரு அடிகூட நகர முடியாது. இங்கேதான் தமிழ்ப் பெயர் காலை வாரிவிடும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும். பட்டாளத்தில் அதுவும் பல சமயம் விடுபட்டுவிடும். ஆள் சேர்த்த இடத்தில் ஒரு குமாஸ்தா காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதினார். சின்னசாமி என்ற ஒரு பெயரை ஆறு விதமாக எழுதலாம், ஆறு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெயர்களின் கதி இன்னும் மோசம். ஒரே கம்பெனியில் நான்கு முனுசாமிகள் இருந்தால் ராணுவம் என்ன செய்யும்? எண் கொடுக்கும். பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும், எண் மாறாது. நம் தாத்தாக்கள் காகிதத்தில் உயிரோடு இருப்பது அந்த ரெஜிமெண்ட் நம்பராகத்தான்.

அந்த நம்பர் எனக்கு லண்டனிலோ டெல்லியிலோ கிடைக்கவில்லை. அத்தை வீட்டு பீரோவில், ரேஷன் கார்டுகளுக்கு நடுவே கிடைத்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ராணுவத்தில் சிப்பாய்க்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் 15 வருடம் முடித்திருக்க வேண்டும். போருக்காகச் சேர்ந்து போர் முடிந்ததும் அனுப்பப்பட்டவர்களுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள். பிற்காலத்தில், ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாந்திர நிதியுதவி கொடுக்க ஆரம்பித்தது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக வரும் பணம் அது. 1990-களில் ஆயா அதற்கு விண்ணப்பித்தபோது தாத்தாவின் டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட்டை யாரோ ஒரு புண்ணியவான் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார். மூலம் தொலைந்துவிட்டது. ஜெராக்ஸ் மிஞ்சியது. நம்பர், சேர்ந்த வருடம் 1938, விடுவிக்கப்பட்ட வருடம் 1946, படைப்பிரிவு மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ். தொழில்: கார்பென்டர்.

தச்சர்! மெஷின் கன் அத்தோடு போயிற்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மடிப்பு விழுந்த இடத்தில் நம்பரின் கடைசி இலக்கம் சரியாகத் தெரியவில்லை. 1 என்றும் படிக்கலாம், 7 என்றும் படிக்கலாம். இன்னொரு கட்டத்தை யாரோ மசியால் அடித்திருந்தார்கள். அது சாதி எழுதும் கட்டம். பிரிட்டிஷ் ராணுவம் 'வகுப்பு' பார்த்துத்தான் ஆள் எடுத்தது. போர்க்குணம் கொண்ட சாதிகள், இல்லாத சாதிகள் என்று ஒரு கட்டுக்கதையைக் கோட்பாடாகவே வைத்திருந்தது. அந்தக் கோட்பாட்டால் தென்னிந்தியர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று தீர்மானித்து, 1920-களின் இறுதிக்குள் மதராஸ் காலாட்படையைக் கலைத்தார்கள். 1933-ல் மதராஸ் பயனியர்ஸையும் கலைத்தார்கள். மிஞ்சியது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாப்பர்ஸ் மட்டும். பாலம், சாலை, கண்ணிவெடி எல்லாம் இவர்கள் வேலை. தமிழ், தெலுங்கு பேசும் பல சாதியினரையும், தாழ்த்தப்பட்டோரையும், கிறிஸ்தவர்களையும் அது சேர்த்துக்கொண்டது. ராணுவம் முழுக்க அவர்களை 'தம்பி' என்றே அழைத்தார்கள்; இன்றும் அந்தப் பெயர் நீடிக்கிறது. பிறகு உலகப்போரில் ஆள் போதாமல் போனபோது கோட்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு மதராஸ் காலாட்படையையும் மறுபடி எழுப்பினார்கள்.

எங்கள் ஊரில் தாத்தாவின் தெருக்காரர்களுக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுக்க எந்த ஆசாரியும் வந்திருக்க மாட்டார். பட்டாளம் கற்றுக்கொடுத்தது. திரும்பி வந்தபிறகும் ஊருக்குள் அவரைத் தச்சு வேலைக்குக் கூப்பிடவில்லை. வேலூரில் ஒரு மரக்கடையில் கடைசிவரை வேலை பார்த்தார். மசி அடித்தது யார் என்று அத்தைக்குத் தெரியும். சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஆள் கிடைக்காவிட்டால் கம்பெனி

நம்பர் கையில் வந்ததும் ஆவணம் வைத்திருக்கும் ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். எட்டு மாதம் கழித்து நான்கு வரிப் பதில். ஓய்வூதியம் பெறாதவர்களின் பணி ஆவணங்கள் 25 வருடம் கழிந்ததும் விதிப்படி அழிக்கப்படும், எனவே தகவல் இல்லை. விதி உண்மைதான். அந்த நான்கு வரியை எட்டு மாதத்துக்கு முன்பே அனுப்பியிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கு வழி காட்டியது ஓய்வுபெற்ற ஒரு சுபேதார் மேஜர். "ஆள் கிடைக்கலைன்னா கம்பெனியைப் பிடிங்க சார். கம்பெனி எங்க இருந்துச்சோ அங்கதான் உங்க தாத்தா இருந்திருப்பாரு" என்றார்.

போர்க்களத்தில் ஒவ்வொரு கம்பெனியும் நாட்குறிப்பு எழுதியாக வேண்டும். இந்தியப் படைப்பிரிவுகள் வெளிநாட்டில் எழுதிய குறிப்புகள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மத்திய கிழக்குப் படைகள் டபிள்யூ.ஓ. 169 என்ற வரிசையில், இத்தாலி 170-ல், பர்மா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியா 172-ல். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், படமெடுக்கலாம். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சிப்பாயைத் தேடிப் பயனில்லை. அங்கே இருப்பவை பெரும்பாலும் அதிகாரிகளின் சங்கதிகள். நம்மூர் ஆட்களின் தாள்கள் 1947-ல் அவரவர் ரெஜிமெண்ட்டோடு இந்தியாவிலேயே தங்கிவிட்டன.

ஆனால் எந்தக் கம்பெனி? ஜெராக்ஸில் அந்த வரி கறுப்பாக இருந்தது. மறுபடி அத்தைதான். தாத்தா கொண்டுவந்த கம்பளிச் சட்டையை ஆயா பிரித்து அப்பாவுக்கு சட்டை தைத்தாராம். "தோள்ல கருடன் தைச்சிருந்துச்சு. சேப்புக் கருடன். அதை மட்டும் பிரிக்காத, சாமின்னு ஆயா வச்சிருந்தாங்க." நாங்கள் பெருமாளைக் கும்பிடுகிற குடும்பம் இல்லை. கருடன் எப்படி வந்தது?

அது கருடன் இல்லை, கழுகு. சிவப்புக் கழுகு நான்காம் இந்திய டிவிஷனின் சின்னம். ஆப்பிரிக்கா, பிறகு இத்தாலி என்ற அதன் பாதை தாத்தாவின் இரண்டு நட்சத்திரங்களோடும் அச்சாகப் பொருந்தியது. அந்த டிவிஷனில் மதராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகள் இரண்டு நீண்டகாலம் இருந்தன. ஒன்று 12-ஆம் ஃபீல்டு கம்பெனி. மற்றொன்று 11-ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனி. கறுத்த வரியைக் கணினியில் வெளிச்சம் கூட்டிப் பார்த்தபோது இரண்டு ஒன்றுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது தெரிந்தது. ஃபீல்டு பார்க் கம்பெனி என்பது டிவிஷனின் பட்டறை, கிடங்கு, பாலச் சாமான் எல்லாம் சேர்ந்த ஒன்று. தச்சர் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

லண்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் இரண்டு சனிக்கிழமைகளைச் செலவழித்து நாட்குறிப்பைப் படமெடுத்து அனுப்பினார். சிப்பாய்களின் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது. அதிகாரி என்றால் பெயர். மற்றவர் என்றால் ஐ.ஓ.ஆர். என்று போட்டு ஓர் எண்ணிக்கை. இத்தனை ஐ.ஓ.ஆர். ஆஸ்பத்திரிக்கு, இத்தனை ஐ.ஓ.ஆர். வந்து சேர்ந்தார்கள். இந்த ஐ.ஓ.ஆர்.களில் ஒருவர் காதில் பென்சில் செருகியிருந்தார் என்று நாமாக நினைத்துக்கொண்டு படிக்க வேண்டியதுதான்.

1941 பிப்ரவரிப் பக்கங்களுக்கு வந்தபோது ஓர் ஊர்ப் பெயர் தட்டச்சில் திரும்பத் திரும்ப வந்தது. கேரன்.

எரித்ரியாவில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர். சூடானிலிருந்து கிளம்பிய நான்காம், ஐந்தாம் இந்திய டிவிஷன்கள் அங்கே இத்தாலியப் படைகளிடம் மோதி, பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் 27 வரை, கிட்டத்தட்ட ஏழு வாரம் செங்குத்தான பாறைச் சரிவுகளில் சிக்கிக் கிடந்தன. ஊருக்குள் போக ஒரே கணவாய், டோங்கோலாஸ். இத்தாலியர்கள் பாறைகளை வெடித்துத் தள்ளி அதை மூடிவிட்டார்கள். மேலே உச்சியைப் பிடிக்கக் காலாட்படை ஏறி இறங்கியது. தண்ணீரும் தோட்டாவும் ஆட்களின் முதுகில் போயின. கடைசியில் சாப்பர்கள் அந்தப் பாறைக் குவியலை அகற்றிப் பாதை போட்ட பிறகே டாங்கிகள் உள்ளே நுழைந்தன. ஊர் விழுந்தது.

கேரன் மலை. வட ஆற்காட்டுக் காதுக்கு அது வேறென்னவாகக் கேட்கும்? தாத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்த மலையை அங்கே வைத்துக்கொண்டார்கள். அத்தையிடம் போய் "கேரளா இல்ல அத்தை, கேரன்" என்றேன். "அதைத்தானேடா நானும் சொன்னேன்" என்றார்.

வாய்மொழி வரலாறு பொய் என்று ஆவணக்காரர்கள் சொல்வதும், ஆவணத்தில் உயிர் இல்லை என்று கதைக்காரர்கள் சொல்வதும் எனக்கு இப்போது பொறுக்கவில்லை. கருடன் இல்லாமல் டிவிஷன் கிடைத்திருக்காது. நாட்குறிப்பு இல்லாமல் கேரளம் கேரளமாகவே இருந்திருக்கும்.

அதே கம்பெனியில் ஒரு சுபேதார்

11-ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனி என்று தேட ஆரம்பித்தால் ஒரு தமிழ்ப் பெயரில் போய் முட்டும். சுபேதார் சுப்பிரமணியன். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1944-ல் இத்தாலியில் மின்யானோ அருகே கண்ணிவெடி தேடும் குழுவோடு போனார். ஒரு கண்ணி வெடிக்கப் போவது தெரிந்ததும் ஓடிப்போய் அதன் மேல் விழுந்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் விருது அவர் மறைவுக்குப் பிறகு வந்தது. எதிரியின் நேர் எதிரே நின்று செய்யாத வீரச் செயலுக்கு பிரிட்டனில் அதுதான் மிக உயர்ந்த விருது. நம் பாடப் புத்தகங்களில் நான் அவர் பெயரைப் படித்ததில்லை.

1951-ல் பிறந்த என் சித்தப்பாவின் பெயரும் சுப்பிரமணி.

இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட எனக்குக் கை துறுதுறுத்தது. போட்டால் கட்டுரைக்கு அருமையான முடிவாக இருக்கும். ஆனால் எங்கள் ஊர்க் குன்றின்மேல் முருகன் கோயில் இருக்கிறது. தெருவுக்கு மூன்று சுப்பிரமணி. தாத்தா ஒரு சொல்லும் சொல்லிவிட்டுப் போகவில்லை. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். ஆசைக்குச் சான்று கிடைத்துவிட்டது போலத் தோன்றும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாத்தா 1944-ல் அந்தக் கம்பெனியில்தான் இருந்தார் என்பதற்கே என்னிடம் காகிதம் கிடையாது. இத்தாலியில் இருந்தார், அவ்வளவுதான் நட்சத்திரம் சொல்லும். அந்த வருடம் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அந்த டிவிஷன் மோன்டே கசினோ மலையடிவாரத்தில் இருந்தது. கோவேறு கழுதை போகிற தடத்தை அதன் சாப்பர்களும் நியூசிலாந்துப் பொறியாளர்களும் டாங்கி ஏறும் பாதையாக அகலப்படுத்தினார்கள். தாத்தா அங்கே மண்வெட்டி பிடித்தாரா, பின்னால் பட்டறையில் மரம் அறுத்தாரா என்று எனக்குத் தெரியாது.

அவர் ஏன் பேசவே இல்லை? பயந்ததைப் பேச மாட்டார்கள் என்று ஒரு பொதுவான விளக்கம் சொல்வார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. 1946-ல் அவர் வந்து இறங்கிய நாடு வேறு நாடு. சில மாதங்களுக்கு முன்புதான் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தினர் மீது வழக்கு நடந்திருந்தது. ஊரெல்லாம் நேதாஜி படம். சிங்கப்பூரில் 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்து, பிறகு நேதாஜியின் பக்கம் சேர்ந்தவர்கள் தியாகிகள். அது நியாயமும்கூட. அப்படியென்றால் வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு முசோலினியின் படையோடு மோதியவர் யார்? அதற்குத் திண்ணையில் சொல்கிற மாதிரி ஒரு பதில் அன்றைக்கு இல்லை. மாதா மாதம் மணியார்டர் வந்தது, அதில் ஆயாவும் அத்தையும் சாப்பிட்டார்கள். அவரிடம் கேட்டிருந்தால் ஒருவேளை இதைத்தான் சொல்லியிருப்பார்.

திரும்பி வராத தாத்தாக்கள்

உங்கள் தாத்தா திரும்பி வரவில்லை என்றால், வருத்தத்துக்குரிய விதமாக, தேடல் சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்களின் பெயர்கள் அதில் உண்டு. உயிரோடு திரும்பியவர்களை அதில் தேடி, இல்லை என்று மனமுடைந்துபோன இரண்டு பேரை எனக்குத் தெரியும். பல பதிவுகளில் இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன மாவட்டம் என்று இருக்கும். சிலவற்றில் மனைவி பெயரும் இருக்கும். மாவட்டத்தை அன்றைய பெயரில் தேடுங்கள். திருவண்ணாமலை என்று தேடினால் கிடைக்காதவர் நார்த் ஆர்க்காட்டில் இருப்பார்.

எரிக்கப்பட்டவர்களுக்குத் தனிக் கல்லறை இருக்காது, நினைவுச் சுவரில் பெயர் இருக்கும். கேரனில் அப்படி ஒரு நினைவிடம் உண்டு. இத்தாலியில் சாங்ரோ ஆற்றங்கரையில் ஒன்று. உடலே கிடைக்காமல் போனவர்கள் பர்மாவில் தௌக்கியானில் உள்ள ரங்கூன் நினைவிடத் தூண்களில் இருப்பார்கள். அங்கே மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள். சென்னைக்காரர்கள் வெளிநாடு போக வேண்டியதில்லை. நந்தம்பாக்கத்தில் மதராஸ் போர்க் கல்லறை இருக்கிறது. 850-க்கும் மேற்பட்ட இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகள். அந்தச் சாலையில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே போயிருப்பார்கள்?

எண் கொடுக்கப்படாதவர்களையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. சயாம்–பர்மா ரயில் பாதைக்காக மலேயா தோட்டங்களிலிருந்து ஜப்பானியர்கள் அள்ளிக்கொண்டு போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். கூடவே செத்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயரோடு. தோட்டத் தமிழருக்கு ரெஜிமெண்ட் இல்லை, நம்பர் இல்லை, நாட்குறிப்பு இல்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் கையில் அத்தைகள் சொன்னது மட்டும்தான் இருக்கிறது.

பஞ்சாபைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. முதல் உலகப்போருக்குப் போன பஞ்சாபியர்களின் ஊர்வாரிப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் ஒரு நூற்றாண்டாகத் தூங்கிக் கிடந்தன. சுமார் 3,20,000 பேரின் விவரங்கள். பிரிட்டனில் உள்ள பஞ்சாபி மரபு அமைப்பு ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றைக் கணினியில் ஏற்றி 2021-ல் இணையத்தில் திறந்துவிட்டார்கள். தன் கிராமத்தின் பெயரைத் தட்டி முப்பாட்டனைக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் என்ன இருக்கிறது? முதல் போருக்குப் பிறகு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று ஊர்தோறும் பதித்த சலவைக்கல் பலகைகள். சுண்ணாம்பு அடித்து அடித்துச் சில பலகைகளில் எழுத்தே மறைந்துவிட்டது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் நிதியுதவிக்காக வந்து குவிந்த டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட் நகல்கள் இருக்க வேண்டும். பயனாளி இறந்ததும் அந்தக் கோப்பு மூடப்பட்டுவிடும். மூடுவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்து வைக்க அரசு உத்தரவிட்டால் போதும். பெரிய செலவில்லை. தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இதற்குச் சரியான இடம்.

அரசு செய்யும்வரை வீட்டில் செய்ய வேண்டியதை நாம் செய்யலாம். மெடலைத் தேய்க்காதீர்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள். சர்டிஃபிகேட் கிடைத்தால் முதலில் நம்பரை ஒரு தாளில் எழுதிவையுங்கள், பிறகு பின்பக்கத்தையும் சேர்த்துப் படமெடுங்கள். பின்பக்கத்தில்தான் கம்பெனி பெயர் பெரும்பாலும் இருக்கிறது. பழைய கடித உறை இருந்தால் முத்திரையில் ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் எண்ணைப் பாருங்கள். அது எந்த மாதம் எங்கே இருந்தது என்று சொல்லிவிடுகிற அஞ்சல்தலை சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். இதற்கெல்லாம் முன்னால் வீட்டில் மூத்த பெண்மணி பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் போர், எந்த வருடம் என்று கேட்காதீர்கள், அவர்களுக்குத் தெரியாது. என்ன சட்டை, என்ன கலர், பெட்டியில் என்ன இருந்தது என்று கேளுங்கள். தப்பாகச் சொல்கிறார் என்று இடையில் திருத்தாதீர்கள்.

போன மாதம் அத்தையிடம் தாத்தாவின் நம்பரைப் படித்துக் காட்டினேன். கடைசி இலக்கம் ஒன்றா ஏழா தெரியவில்லை என்றேன். "இன்னாத்துக்குடா இதெல்லாம் தோண்டினு இருக்கிற?" என்றவர், எழுந்துபோய் சமையலறையிலிருந்து ஒரு பழைய தேங்காய்த் துருவிப் பலகையை எடுத்து வந்தார். தாத்தா செய்தது. அடியில், உளியால் செதுக்கி, அதே நம்பர். ஆயுதத்திலும் பெட்டியிலும் எண் போட்டுப் பழகிய கை.

கடைசி இலக்கம் 7.